பந்திக்கு முந்தியவளின் புருஷன்

என் மனைவி சண்முகத்தாய் புத்தகம் எழுதியதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதை நானே மடித்து, நானே தைத்து, நானே ஓரம் வெட்டி அடுக்கிவிட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் இருந்தேன் பாருங்கள், அதில்தான் வருத்தம்.

படிக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, தொழில். திருத்தங்கலில் ஜெய்லானி பாய் பிரஸ்ஸில் எனக்குப் பைண்டிங் வேலை. பதினாறு பக்கத்துக்கு மடிகிற தாளைப் பாரம் என்போம். பாரங்களை வரிசையாகச் சேர்க்கும்போது பக்க எண்ணை மட்டும்தான் கண் பார்க்கும். எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும். கோயில் மலர், பள்ளிக்கூட நோட்டு, பட்டாசு விலைப்பட்டியல் எல்லாம் எனக்கு ஒன்றுதான். பெண்டாட்டி எழுதியது என்பதற்காக எண்ணைப் பார்த்துப் பழகின கண் எழுத்தைப் பார்த்துவிடுமா? அதுவும் கேலண்டர் சீசன். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் எந்தப் பிரஸ்காரனுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. கேலண்டர் அட்டைகளுக்கு நடுவில் சந்து கண்டுபிடித்துத்தான் பாய் அந்தப் புத்தகத்தை அடித்துக் கொடுத்தார்.

புத்தகத்தின் பெயர் ‘பந்திக்கு முந்தியவள்’. பழமொழியை வைத்து ஏதோ வேடிக்கையாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டைப் பற்றியது என்று தெரியும். அவள் பேசுவதே சாப்பாட்டைப் பற்றித்தான்.

சண்முகத்தாய் நாரணாபுரத்துக்காரி. அவள் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். மழை பொய்த்துக் காடு கைவிட்டதும், குடும்பத்தோடு தீப்பெட்டி செய்கிற ஆபீஸுக்கு வேலைக்குப் போனார்கள். இவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லேபிள் ஒட்டினாள். எனக்கு வாக்கப்பட்ட பிறகு வீட்டிலிருந்தே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். குழாய் சுருட்டக் கை போதும், வாய் சும்மாதான் இருக்கும். எந்தக் கஞ்சிக்கு எந்தத் துவையல், மைதாப் பசையை நக்கிப் பார்த்த பிள்ளைகளை மேஸ்திரி எப்படி விரட்டினார் என்று சொல்லிக்கொண்டே சுருட்டுவாள். அதையெல்லாம் எழுதினால் என்ன என்று ஒருநாள் அவளுக்கே தோன்றியிருக்கிறது. மதுரையிலிருந்து வரும் ஒரு பத்திரிகை நாலைந்தைப் போட்டது. ஜெய்லானி பாய் வீட்டம்மா சித்திகா அதைப் படித்துவிட்டு, “ஊருக்கெல்லாம் அடிக்கீக, இத அடிக்க மாட்டீகளா?” என்று பாயைப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் என் மனைவி எழுத்தாளர் ஆனாள்.

சாப்பாட்டை இத்தனை ரசிக்கிறவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் சாப்பிட மாட்டாள். முதல் ஆளாகப் போவாள், மொய் எழுதுவாள், வெற்றிலை மடிப்பாள், பந்தியில் பரிமாறக்கூட நிற்பாள். உட்காரச் சொன்னால் மட்டும், “இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன், போதும்” என்பாள். வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் மோரை ஊற்றுவாள். “மொய்யும் எழுதிட்டுப் பட்டினியும் கிடக்கிற ஒரே ஆளு நீதான்” என்று நானும் கேலி செய்துகொண்டே இருபத்து மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

புத்தகம் அச்சில் இருந்தபோதுதான் எங்கள் மகள் மாரிசெல்விக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை பாலகுரு, மதுரையில் வேலை. அவன் அப்பா ரத்தினசாமி காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி கசங்காமல் உட்காருகிற ஆள். அம்மா சுப்புலட்சுமி அதிகம் பேசவில்லை, எங்கள் அடுப்படியைத்தான் நன்றாகப் பார்த்தார். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. சாப்பிடச் சொன்னோம். ரத்தினசாமி காபியோடு நிறுத்திக்கொண்டார்.

“வார்த்தைப்பாடு முடியட்டும். பொறவு கை நனைக்கோம்” என்றார்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதற்கு முன்னால் காபியும் தண்ணீரும்தான். ஐப்பசியில் வந்து சம்பந்தத்தை உறுதி செய்கிற வார்த்தைப்பாடு பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

புரட்டாசியில் சிவகாசியில் புத்தகத்தை வெளியிட்டார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கண்ணுச்சாமி பேசினார். நான் வாசலில் மேஜை போட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“இந்நூலின் உயிர் மூன்றாம் அத்தியாயம்” என்றார் அவர். “அழைப்பில்லாத கல்யாணத்துக்குத் தாயும் மகளும் பசியோடு போய்ப் பந்தியில் உட்காருகிறார்கள். இலையில் கை வைத்த பிறகு எழுப்பிவிடப்படுகிறார்கள். அந்த மகள்தான் இதோ மேடையில் இருக்கும் நம் எழுத்தாளர்!”

சபை கை தட்டியது. நான் அடுக்குவதை நிறுத்திவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது பாரத்தில் வரும், தையல் சரியாக அதன் நடுவில் விழும். அதற்குள் என் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் தெரியாது.

மறுநாள் பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்தேன். முதலில் அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் பயம் வந்துவிட்டது. கூப்பிடாத வீட்டில் போய்ச் சாப்பிட உட்கார்ந்த குடும்பம் என்று காரியாபட்டிக்காரருக்குத் தெரிந்தால் பெண் எடுப்பாரா? வேட்டி கசங்குவதையே தாங்காத மனுஷன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டேன்.

“ஏ தாயி, பொண்ணுக்குக் கலியாணம் பேசுற நேரத்துல இத ஊருக்கெல்லாம் சொல்லணுமா?”

“நான் எழுதும்போது கலியாணம் பேசலியே.”

“அச்சடிக்கையில பேசியாச்சுல்ல?”

“அச்சடிச்சு அடுக்குனது யாரு? நீங்கதான?”

சொல்லிவிட்டு அவள் குழாய் சுருட்டப் போய்விட்டாள்.

புத்தகம் போட்டால் போதாது, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. உள்ளூர் கேபிள் டிவியில் பேட்டி எடுத்தார்கள். பேட்டி எடுத்த பெண் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அந்த விஷயத்தில் எனக்குத் துணை கிடைத்தது. “நேயர்களுக்கு ஒரு ஈஸியான தீபாவளி ஸ்வீட் சொல்லுங்க மேடம்” என்றாள். சண்முகத்தாய் சளைக்காமல் கேப்பை மாவில் கருப்பட்டி போட்டுப் பிடிக்கிற உருண்டையைச் சொன்னாள். விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சமையல் புத்தகம் என்று நினைத்துவிட்டார்கள். எண்ணெய்ப் பரோட்டா மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பேராசிரியை கேட்டார். “கடைக்குப் போகணும்” என்றாள் இவள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, அப்புறம் அவள் வாசிக்கும்போது சத்தமில்லாமல் கேட்டார்கள்.

எல்லா இடத்துக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போனது நான்தான். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. உடனே காரியாபட்டி ஞாபகம் வந்துவிடும். ஐப்பசி பிறந்துவிட்டது, அங்கிருந்து பேச்சே இல்லை. நான் போன் போட்டால் கடைப்பையன் எடுத்து, “மொதலாளி வெளிய போயிருக்காக” என்பான். மறுபடி போட்டாலும் அதே பதில்தான். மாரிசெல்வி ஒன்றும் கேட்கவில்லை. செல்போனைக் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் காரியாபட்டியிலிருந்து போன் வந்தது, ஆனால் ரத்தினசாமியிடமிருந்து இல்லை. நூலக வாசகர் வட்டத்துச் செயலாளர் சங்கிலிமுத்து பேசினார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கிறார்களாம். கூட்டம் முடிந்ததும் புத்தகத்தில் உள்ள சாப்பாட்டையே எல்லாருக்கும் போட வேண்டுமாம்.

“சோறு எங்க பொறுப்பும்மா. அந்தக் கருவாட்டுக் குழம்பு மட்டும் ஒங்க கையால வச்சுக் கொண்டாந்துருங்க” என்றார்.

நான் ஒரேயடியாக மறுத்தேன். “சம்பந்தி ஊர்லயே போயி மேடை போட்டுச் சொல்லப் போறியா? வேற வினையே வேண்டாம்.”

“நடந்ததத்தான எழுதியிருக்கேன். இல்லாததயா எழுதிட்டேன்?” என்றாள் அவள். குரல் உயரவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

மாரிசெல்விதான் முடித்துவைத்தாள். “அம்மா போகட்டும்ப்பா. இதுக்காக வேண்டாங்கறவுக பின்னாடி வேற எதுக்காவது வேண்டாம்பாக. இப்பமே தெரிஞ்சா நல்லதுதான?” அவ்வளவு தைரியமாகச் சொன்னவள், நாங்கள் கிளம்பும் அன்று பத்து முறை, “போன் எடுத்துக்கிட்டீகளா?” என்று கேட்டாள்.

புத்தகத்தை ஒரு அட்டைப்பெட்டியிலும், குழம்புத் தூக்குவாளியைச் சிந்தாமல் இன்னொரு அட்டைப்பெட்டியிலும் வைத்துக் கட்டினேன். சிவகாசிப் பக்கம் அட்டைப்பெட்டி என்றால் அது பட்டாசுப் பெட்டிதான். துணி, பாத்திரம், அதிரசம், சாமி படம் எல்லாம் அதில்தான் போகும் வரும். பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே ஒருத்தரும் பார்ப்பதில்லை. சிவகாசி பஸ்ஸில் யாரும் கேட்கவுமில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி போகிற பஸ்ஸில் ஏற்றப் போனபோதுதான் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். தீபாவளிச் சோதனைக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்தார்.

“பெட்டில என்ன?”

“புத்தகம் சார்.”

“அணுகுண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, புத்தகங்கறீரு?”

“எங்க ஊர்ல எல்லாத்துக்கும் இந்தப் பெட்டிதான் சார். எம் மக கைப்பிள்ளையா இருந்தப்ப அவள தூங்கப் போட்டதே இதுலதான்.”

அவர் நம்பவில்லை. கயிற்றை அவிழ்த்து முதல் பெட்டியைத் திறந்தார். புத்தகம். இரண்டாவது பெட்டியைச் சந்தேகத்தோடு தள்ளி நின்று திறக்கச் சொன்னார். திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரரும் மூக்கைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, “எங்க வீட்டம்மா வாசிக்கும், ஒண்ணு குடுங்க” என்றார். சண்முகத்தாய் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் காரியாபட்டி போய்ச் சேர்ந்தபோது, நூலக மாடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரிசையில் ரத்தினசாமியும் சுப்புலட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

கையெடுத்துக் கும்பிட்டேன். ரத்தினசாமி தலையை மட்டும் அசைத்தார். அவர் மடியில் எங்கள் புத்தகம் இருந்தது. உள்ளே ஏதோ ஒரு பக்கத்துக்கு அடையாளமாகப் பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார். செருகிய இடத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டாவது பாரம்.

மேடைக்குப் போகிறவள் கையைப் பிடித்து, “மூணாவத விட்டுரு தாயி. பசை நக்குனத வாசி, எல்லாரும் சிரிப்பாக” என்று கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினாள். மேடையில் ஏறிப் புத்தகத்தைத் திறந்தாள். சுப்புலட்சுமியைப் பார்த்தாள். சுப்புலட்சுமியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தைப் பின்னால் தள்ளி, மூன்றாவதையே வாசித்தாள்.

“இலையில் தண்ணீர் தெளித்தோம். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. நான் பிசைந்துவிட்டேன். அப்போது ஒருவர் வந்து, ‘நீங்க யார் வீட்டு ஆளுக?’ என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குப் பெண் பெயரும் தெரியாது, மாப்பிள்ளை பெயரும் தெரியாது. ‘எந்திரிங்க’ என்றார். என் கையில் ஒரு கவளம் இருந்தது. அதை வாயில் போடவா, இலையில் வைக்கவா என்று அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினாள். இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவத் தண்ணீர் கேட்க வெட்கமாக இருந்தது. தெருமுனை வரை பருப்புக் கையோடு நடந்து, பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் வீட்டுப் பந்தியிலும் நான் உட்கார்ந்ததில்லை.”

கடைசி வரியை நான் பிரஸ்ஸிலேயே படித்திருந்தேன். ஆனால் என் பயத்தில் அது மனதில் ஏறவே இல்லை. அவள் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. மோர் ஊற்றிய பழைய சோறும், நான் செய்த கேலியும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மேடைக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

யாரும் கை தட்டவில்லை. சுப்புலட்சுமி எழுந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். ரத்தினசாமியும் வேட்டியைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மாரிசெல்விக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்தபடியே மீதிக் கூட்டம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் முடிந்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தகரக் கொட்டகையில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் முதல் இலைக்கு முன்னால் சுப்புலட்சுமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலையைக் கையால் மறித்து வைத்திருந்தார், யாரையும் உட்காரவிடவில்லை. ரத்தினசாமி எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, அது ஒங்க வீட்டுக் குழம்புதான?” என்று சுப்புலட்சுமி என்னைக் கேட்டார்.

“ஆமாம்மா. அவ கையால வச்சது.”

“அப்ப ஊத்துங்க.”

“வார்த்தைப்பாடு இன்னும் பேசலியே” என்றார் ரத்தினசாமி மெதுவாக.

“நீங்க கடைப்பையன விட்டுப் பொய் சொல்லச் சொல்லிக்கிட்டு இருந்தா எப்பப் பேச?” என்று சுப்புலட்சுமி அவர் பக்கம் திரும்பினார். “ஒரு எடத்துல பொண்ணு எடுக்கணும்னா ஊரெல்லாம் நடந்து விசாரிக்கணும். அப்பவும் பாதிய மறைச்சுருவாக. இவுக நமக்கு அலைச்சல் வைக்காம அம்புட்டையும் அச்சடிச்சுக் கையில குடுத்துட்டாக. இதுக்கு மேல என்ன தெரியணும் ஒங்களுக்கு?”

ரத்தினசாமி என்னைப் பார்த்து, “கொஞ்சம் யோசிக்கத்தான் செஞ்சேன். தப்பா எடுத்துக்கிடாதீக” என்றார். பிறகு விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “இருந்தாலும் கருவாட்டுலயா கை நனைக்கிறது? ஒரு பாயாசம்கூட இல்லாம?” என்றார்.

“ஒங்களுக்குப் பாயாசம் புடிக்குமா, கருவாடு புடிக்குமா?”

அவர் வேட்டி கசங்க அப்படியே பாயில் உட்கார்ந்தார். நான் குழம்பை ஊற்றினேன். சுப்புலட்சுமி பிசைந்து முதல் வாயை எடுத்து வைத்தார். ரத்தினசாமி கை நனைக்கிறேன் என்று ஆரம்பித்து, முழங்கை வரைக்கும் நனைத்தார். இத்தனை நாளாக நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்த கல் இறங்கியது. கொட்டகை என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சண்முகத்தாய் அப்போதுதான் மாடியிலிருந்து வந்தாள். நடந்ததைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள்.

“மதினி, இங்கன வாங்க. இது ஒங்க எலை” என்றார் சுப்புலட்சுமி, மறித்து வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு.

“இருக்கட்டும் மதினி, நான் பரிமாறுறேன். இப்பத்தான்…” என்று வழக்கமான பேச்சைத் தொடங்கி, வாளியை வாங்க என்னிடம் கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. “நீ உக்காரு” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மெதுவாகச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்தாள். சோறு விழுந்ததும் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் வரவில்லை. பக்கத்தில் சுப்புலட்சுமி மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். சண்முகத்தாய் சோற்றைப் பிசைந்து ஒரு கவளத்தை வாயில் போட்டாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரு கையில் வாளியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் வீட்டுக்குப் போன் போட்டேன். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை, மாரிசெல்வி எடுத்துவிட்டாள்.

“கை நனைச்சாச்சுத்தா” என்றேன்.

“நெசமாவாப்பா? யாரெல்லாம்?”

“ஒங்க அத்தை, மாமா.” இலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். “ஒங்கம்மாவும்.”

“அம்மாவுமா?” என்று அந்தப் பக்கம் கத்தினாள். அவளும் புத்தகத்தைப் படித்தவள்தானே. இந்தப் பக்கம் இலையிலிருந்து சண்முகத்தாய் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, போன் பொறவு பேசலாம். இந்த எலைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க.”